16 வயது நோயாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவு வாயிலில், "18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோருடன் மட்டுமே மருத்துவரைப் பார்க்க அனுமதிக்கப்படுவர்" என்று அச்சிட்ட தாள் ஒன்று அண்மையில் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த ஆணையின் பேரில் அது ஒட்டப்பட்டது என்று பணியில் இருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "எப்பவும் உள்ள நடைமுறைதானேம்மா" என்றார்கள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். தாளில் ஏறாத காலத்திலும் இந்த நடைமுறை இருந்தது. இப்போது அதைச் சுவரில் ஒட்டிவைக்கும் துணிவு வந்திருக்கிறது. அதைத் தட்டிக் கேட்பதற்கு உதவும் எழுத்துப்பூர்வமான நெறிமுறை எதுவும் என் பணிக்காலம் முழுவதிலும் என் கைக்கு வந்து சேர்ந்ததில்லை. இவ்விரண்டையும் பார்த்த பிறகு வாளாவிருக்க இயலாமல் இம்மடலை எழுதுகிறேன்.

பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று நான் கேட்கவில்லை. 12 வயதைக் கடந்த ஒரு நோயாளியின் உடலில் செய்யப்படும் எதுவும் அவருக்குச் சொல்லாமலும் அவரைக் கேளாமலும் செய்யப்படக் கூடாது என்கிறேன். தனியாக வந்தார் என்ற காரணத்துக்காக அவர் திருப்பி அனுப்பப்படக் கூடாது. தன் நோயையும் சிகிச்சையையும் அதன் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அவருக்கு உண்டு என்று மருத்துவர் கருதும் இடங்களில், அவருடைய சொல்லுக்கே முதன்மை இருக்க வேண்டும்.

நான் கண்டவற்றில் சிலவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன். ஆளும் ஊரும் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். நடந்தவற்றில் எதையும் கூட்டவில்லை.

பள்ளிச் சீருடையோடு மதிய வேளையில் வந்தாள் 11ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி. மாதவிடாய் வாரக்கணக்கில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஓ.பி. சீட்டுப் போடும் இடத்திலேயே "கூட யாரு வந்திருக்கா?" என்ற கேள்வி வந்தது. தாய் செங்கல் சூளையில் கூலிக்குப் போயிருந்தார். தகப்பன் வீட்டை விட்டுப் போய் நாளாகியிருந்தது. "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது அந்தத் தாய்க்கு எத்தகைய இழப்பு என்பதைச் சீட்டுப் போடுபவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அடுத்த முறை அவள் வந்தது 108 வண்டியில். வகுப்பில் மயங்கி விழுந்திருந்தாள். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. "இவ்வளவு நாள் ஏம்மா வராம இருந்தே?" என்று பணி மருத்துவர் அவளைத்தான் கடிந்துகொண்டார். அவள் வாய் திறக்கவில்லை. வந்து திரும்பிப் போன நோயாளியைப் பற்றி எழுதிவைக்க எந்தப் பதிவேடும் கிடையாது என்பதால், அந்த மருத்துவமனையின் கணக்கில் அவள் முதல்முறை வரவே இல்லை.

இவ்வாறு திரும்பிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தங்கள் துறையால் சொல்ல முடியாது. அவர்கள் எண்ணப்படுவதில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடும், ஊர்ப்புறத்துப் போலி மருத்துவர் போட்ட ஊசியோடும் பின்னாளில் வந்து சேரும்போதுதான் நம் கண்ணில் படுகிறார்கள்.

மற்றொருவன் 17 வயதுப் பையன். முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய். பெரிய மருத்துவமனையில் அறுவை முடிந்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காக எங்கள் வார்டுக்கு அனுப்பப்பட்டிருந்தான். காலை எடுக்கப்போகிறார்கள் என்பது அறுவை அரங்குக்குள் போகும்வரை அவனுக்குத் தெரியாது. கட்டியை மட்டும் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். "பையன் மனசு உடைஞ்சிடுவான், சொல்லாதீங்க" என்று தகப்பனார் கேட்டுக்கொண்டாராம், மருத்துவர்களும் இசைந்துவிட்டார்கள். படிவத்தில் தகப்பனாரின் கையெழுத்து முறையாக இருந்தது. சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாத கோப்பு அது. நினைவு திரும்பிய பிறகு, போர்வைக்கடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் அவன் செய்தியை அறிந்திருக்கிறான்.

அந்தப் பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன் சிஸ்டர்." நோய் நுரையீரலுக்குப் பரவும் என்பதும், காலை எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதும் அவனுக்கு விளங்காத செய்திகளா? 12ஆம் வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவன் அவன். அதற்குப் பிறகு எந்த ஊசியை எடுத்துப் போனாலும், "இது என்ன மருந்து, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்பான். தகப்பனார் கொண்டுவரும் சாப்பாட்டைத் தொட மாட்டான். அடுத்தடுத்துப் போட வேண்டிய கீமோவுக்குப் போக மறுத்தான். அவனைச் சம்மதிக்க வைப்பதற்குள் காலம் கடந்துகொண்டிருந்தது. அவனிடம் மறைத்ததால் அவன் மனம் காப்பாற்றப்படவில்லை. அவனுக்குத் தொடர்ந்து தேவைப்பட்ட சிகிச்சைதான் கெட்டது. ஒப்புதல் பெறுவதை நாம் ஏதோ சட்டச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீண்ட நாள் சிகிச்சையில் நோயாளியின் ஒப்புதலும் மருந்தைப் போன்றே வேலை செய்வதை வார்டில் நின்றவர்கள் அறிவார்கள்.

பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். தாய் தகப்பன் இல்லாமல் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு "இது சத்து மாத்திரை" என்று சொல்லியே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 14, 15 வயதில் பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கும், பதில் வராது, மாத்திரையை வாயில் போட்டுத் துப்பிவிடும். என்ன நோய்க்கு எதைத் தின்கிறோம் என்று தெரியாத ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு வேளையும் தவறாமல் அதைத் தின்பார் என்று எதிர்பார்ப்பது எந்த மருத்துவம்?

பிரசவ வார்டுக்கு வருகிறேன். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயது நிறையும் முன்பே திருமணம் முடிந்திருந்தது. அத்தகைய பெண் 17 வயதில் பிரசவத்துக்கு வருகிறாள். குழந்தை பிறந்த சூட்டோடு அவளுக்குக் காப்பர்-டி என்ற கருத்தடைக் கருவி வைக்கப்படுகிறது. கேட்கப்பட்டது மாமியார், தலையசைத்ததும் மாமியார். பிள்ளை பெறும் வயது வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்த பெண்ணை, தன் கருப்பைக்குள் ஒரு கருவி வைக்கப்படுவதற்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் வயது வராதவள் என்று மருத்துவமனை முடிவு செய்கிறது. அப்படி வைக்கப்பட்ட ஒரு பெண், சில மாதங்கள் கழித்து அடிவயிற்று வலியோடும் உதிரப்போக்கோடும் வந்தாள். தனக்குள் என்ன இருக்கிறது என்பதையே அன்றைக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பிரசவத்துக்குப் பின் இக்கருவியைப் பொருத்துவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கே விளக்கிச் சொல்லி அவளுடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதலில் உள்ளதுதான். வழிகாட்டுதல் அலமாரியில் இருக்கிறது. இலக்கு எண்ணிக்கை வார்டில் இருக்கிறது.

கருவுற்ற நிலையில் வரும் சிறுமியரின் நிலை இதைவிடக் கடினம். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவருக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, காப்பாளர் என்பவர் அந்தச் சிறுமியைப் பராமரித்து வருபவர் என்றுதான் விளக்கம் தருகிறது. தகப்பன் என்றோ தாய் என்றோ சொல்லவில்லை. பிறந்தது முதல் பாட்டியிடமே வளர்ந்த ஒரு சிறுமியை, "அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று சொல்லி, எங்கோ வேறு குடும்பத்தோடு இருக்கும் தகப்பனைத் தேட அனுப்பியதை நான் பார்த்தேன். கருவுக்கு வாரங்கள் ஏற ஏறச் சிகிச்சையும் ஆபத்தும் மாறிக்கொண்டே போகின்றன என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே கேட்காத ஒரு கையெழுத்துக்காக அந்த வாரங்கள் போயின.

அத்தோடு, பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காப்பதற்கான போக்சோ சட்டம். 19ஆம் பிரிவின்படி சிறார் மீதான பாலியல் குற்றத்தைப் பற்றிக் காவல் துறைக்குத் தகவல் தராவிட்டால் மருத்துவருக்கே தண்டனை உண்டு என்பதால், சிறுமி வாயைத் திறப்பதற்கு முன்பே காவல் நிலையத்துக்குத் தொலைபேசி போய்விடுகிறது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில், கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவருடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், இத்தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று தெளிவாகக் கூறியது. அத்தீர்ப்பு வந்த பிறகும், அதைக் கேள்விப்பட்டிராத பணி மருத்துவர்களையும் காவல் அலுவலர்களையும் பார்த்துவிட்டேன். தீர்ப்பு தெரியாததால் சிறுமியின் முகவரி எழுதப்படுகிறது. முகவரி தெரிந்ததால் தெருவில் காவல் வாகனம் நிற்கிறது. வாகனம் நின்றதைப் பார்த்த அடுத்த வீட்டுப் பெண், தன் மகளுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் மருத்துவமனைப் பக்கமே வர மாட்டாள்.

மனநலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கட்டில் கீறல்களோடு வந்த ஒரு மாணவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அப்பாகிட்ட சொல்லுவீங்களா?" என்பது. அடித்தவரே அந்த அப்பாதான். சொல்ல வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் எழுந்து போய்விட்டான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவருக்கு எல்லாவற்றையும் முடிவு செய்பவர் காப்பாளரே. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணுக்குப் பேரைச் சொல்லாமலே ஒரு பிள்ளை பேசலாம். பேசிய பிறகு மருத்துவமனைக்குப் போ என்று அங்கே சொன்னால், வாசலில் அதே கேள்வி அவனுக்காகக் காத்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் "சட்டம் அப்படித்தான்" என்று பதில் சொல்வார்கள். சட்டம் உண்மையில் அப்படி ஒரே குரலில் பேசுகிறதா என்று பார்த்தேன். வழக்கறிஞர் அல்லள் நான்; எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டவற்றைத்தான் எழுதுகிறேன்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89, 90ஆம் பிரிவுகள், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 27, 28ஆம் பிரிவுகளாக உள்ளன. ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலில், 12 வயதுக்குட்பட்டவருக்குக் காப்பாளர் ஒப்புதல் தருவதையே அவை பேசுகின்றன; 12 வயதுக்குட்பட்டவர் தரும் ஒப்புதல் செல்லாது என்கின்றன. 12க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களின் வாயை அவை அடைக்கவில்லை. 18 என்ற கோடு, ஒப்பந்தங்களுக்கும் சொத்துக்கும் வகுக்கப்பட்ட 1872, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களிலிருந்து மருத்துவமனைக்குள் நடந்து வந்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் அறுவைக்கு முன் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கின்றன, உண்மைதான். அதே விதி, கணவன் அல்லது மனைவியின் ஒப்புதலையும் அதே வரியில் வைத்திருக்கிறது. வயது வந்த பெண்ணின் உடலுக்கு அவளுடைய தாய் தரும் ஒப்புதல் செல்லாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், மனைவியின் அறுவைக்குக் கணவனிடம் படிவத்தை நீட்டும் வழக்கம் நம் வார்டுகளில் ஓய்ந்தபாடில்லை என்பது இம்மடலின் எல்லைக்கு வெளியே உள்ள வருத்தம்.

வேறு இடங்களில் இதே அரசு 12 வயதையும் 16 வயதையும் எப்படி நடத்துகிறது? பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் மருத்துவப் பரிசோதனைக்கென மத்திய நல்வாழ்வு அமைச்சகம் 2014இல் வெளியிட்ட நெறிமுறை, 12 வயது நிறைந்தவரிடம் அவருடைய சொந்த ஒப்புதலையே பெறச் சொல்கிறது; அவர் மறுத்தால் மறுப்பையும் பதியச் சொல்கிறது. ஆக, ஒரு சிறுமி வன்முறைக்கு ஆளான பிறகுதான் அவளுடைய கையெழுத்துக்கு நம் மருத்துவமனையில் மதிப்பு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கப்படும் 12 முதல் 18 வயது வரையுள்ளவரிடம் பெற்றோர் ஒப்புதலோடு அவருடைய எழுத்துப்பூர்வ இசைவையும் பெற வேண்டும். சோதனை மருந்துக்கு அவனைக் கேட்க வேண்டும். காலை எடுப்பதற்குக் கேட்க வேண்டியதில்லை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின் 32ஆம் பிரிவு இன்னும் வியப்பானது. தொற்றினால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும், போதிய முதிர்ச்சியுள்ள 12 வயது நிறைந்த பிள்ளை, தன் தம்பி தங்கையருக்குக் காப்பாளராக இருந்து அவர்களுடைய சிகிச்சை உள்ளிட்ட காரியங்களைப் பார்க்கலாம் என்கிறது அது. தங்கையின் சிகிச்சைக்குக் காப்பாளராக நின்று கையொப்பமிட்ட அக்காள், தனக்குக் காய்ச்சல் என்று வந்தால் யாரைக் கூட்டிவருவாள்?

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் 16 வயது நிறைந்தவரிடம், அச்செயலைச் செய்யும் மன, உடல் திறனும் விளைவை அறியும் ஆற்றலும் இருந்தனவா என்று இளைஞர் நீதிக் குழுமம் முன்மதிப்பீடு செய்து, அவரைப் பெரியவராகக் கருதி விசாரணைக்கு அனுப்பலாம். விளைவை அறியும் திறனை 16 வயதில் அளந்துபார்க்க முடியும் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. சிறைக்கு அனுப்புவதற்காக அளக்க முடிந்த அந்தத் திறனை, சிகிச்சைக்காக அளக்க முடியாது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிற நாடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் கில்லிக் வழக்கில் 1985இல் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பு முதல், 16 வயது நிறையாதவரும் போதிய புரிதல் இருந்தால் தாமே ஒப்புதல் தரலாம் என்பது அங்கே வழக்கத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 12 வயது நிறைந்து முதிர்ச்சியும் உள்ளவருக்கு இவ்வுரிமையைத் தருகிறது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் தன்னைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது.

நமக்கு முன்னோடி வெளியே இல்லை. தங்கள் துறையிலேயே இருக்கிறது. ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத ஊடுபால் உடற்கூற்றோடு பிறக்கும் குழந்தைகளை ஆண் என்றோ பெண் என்றோ ஆக்குவதற்குச் செய்யப்படும் அறுவைகளைப் பற்றி, 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பில், பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று கூறினார். அதை ஏற்று, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இவ்வறுவைகளைத் தடை செய்து 2019 ஆகஸ்டில் அரசாணை எண் 355ஐப் பிறப்பித்தது தங்கள் நல்வாழ்வுத் துறைதான். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் துணியாத வேளையில் இதைச் செய்தீர்கள். பேச்சு வராத குழந்தை ஒருநாள் பேசும், அதுவரை காத்திருப்போம் என்று ஆணையிட்ட துறை, பேசத் தெரிந்த பிள்ளை எதிரே நின்று பேசும்போது காது கொடுக்காமல் இருப்பது எப்படிப் பொருந்தும்?

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதை அறிவேன். பெற்று வளர்த்தவர்களுக்கு இல்லாத உரிமையா என்று கேட்பார்கள். நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள்தான். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் நோயைப் பிள்ளையைவிட அதிகமாகத் தாங்குபவர்கள் தாயும் தகப்பனும்தான். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக வந்த பிள்ளையிடம், "இதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை நீயும் நானும் சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சற்று நேரம் கழித்து, "அம்மாவை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க சிஸ்டர், எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்ன பிள்ளைகளே மிகுதி. கட்டாயம் நீங்கினால் பெற்றோர் விலகிப் போவார்கள் என்ற அச்சத்துக்கு நான் பார்த்த வரையில் ஆதாரமில்லை. வீட்டிலேயே தீங்கு இருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்கும் அந்தக் கையெழுத்தைத்தான் வாங்கிவரச் சொல்கிறோம்.

16 வயதுப் பிள்ளை உயிர் காக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவதா என்றும் கேட்பார்கள். விடக் கூடாது என்பதே என் கருத்து. சிகிச்சைக்கு இசைவதையும் உயிருக்கு வேண்டிய சிகிச்சையை மறுப்பதையும் ஒரே தட்டில் வைக்க நான் கேட்கவில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களும் அப்படி வைத்ததில்லை. மறுக்கும் பிள்ளையிடம் உட்கார்ந்து காரணம் கேட்க வேண்டும். வலியா, முடி கொட்டும் என்ற கூச்சமா, படிப்புப் போய்விடும் என்ற கவலையா, குடும்பத்துக்குக் கடன் ஏறும் என்ற எண்ணமா என்று பார்க்க வேண்டும். மறுப்புக்குப் பின்னால் தீர்க்கக்கூடிய ஒன்று பெரும்பாலும் இருக்கும். கேட்காதவரை அது வெளியே வராது.

மருத்துவர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. என்னோடு பணியாற்றிய மருத்துவர்கள் ஏன் அந்தக் கையெழுத்தை வற்புறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு உறவினர்கள் கூட்டமாக வந்து மேசையைப் புரட்டினால் தனக்கு யார் துணை என்ற அச்சம் அது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது என்றாலும், இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஓர் இளம் மருத்துவருக்கு அது தொலைவில் உள்ள ஆறுதல். எனவே கையெழுத்து மருத்துவமனையின் காப்புக்காக வாங்கப்படுகிறது. நோயாளிக்கு விளக்கினோமா என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. எழுத்தில் ஆணை இல்லாத இடத்தில் கீழே இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழியைத்தான் தேடுவார்கள். அந்தப் பழியை அவர்கள் மேல் ஏற்ற முடியாது. ஆணை வர வேண்டிய இடம் தங்கள் மேசை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

புறநோயாளிகள் பிரிவுக்குத் தனியாக வரும் 12 வயது நிறைந்த எவரையும் பெற்றோர் உடன் வரவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அனைத்து அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். பரிசோதனை, ஆலோசனை, ரத்தசோகை மாத்திரை, மாதவிடாய்க் கோளாறு, தோல் நோய், முதற்கட்ட மனநல ஆலோசனை போன்றவற்றுக்குப் பிள்ளையின் சொந்த ஒப்புதலே போதும் என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மேலே நான் சொன்ன அறிவிப்பைப் போன்றவை வேறு எங்கெல்லாம் ஒட்டப்பட்டுள்ளன என்று இணை இயக்குநர்களிடம் அறிக்கை கேட்டு, அவற்றை அகற்றச் செய்யுங்கள்.

பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும் அறுவைக்கும் சிகிச்சைக்கும், 12 வயது நிறைந்த நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கப்பட்டது என்பதையும் அவர் சொன்ன பதிலையும் அவருடைய கையெழுத்தோடு பதியும் தனிப்பகுதியை ஒப்புதல் படிவத்தில் சேர்க்க வேண்டும். அப்பகுதி வெற்றாக இருந்தால், அவசரச் சிகிச்சை தவிர மற்ற எதற்கும் நோயாளியை அறுவை அரங்குக்குள் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ உறவினர் இல்லாமல் சில நிமிடங்கள் பேசுவதற்கு இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் உள்ள மையங்களுக்குக் கதவுள்ள ஓர் அறை கொடுத்தாலே இதில் பாதி நடந்துவிடும். திரைச்சீலை மறைப்பில் யாரும் உண்மை பேசுவதில்லை.

எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும், அவளுடைய சொந்தக் கையெழுத்து இல்லாமல் கருத்தடைக் கருவி எதையும் பொருத்தக் கூடாது என்று தனி ஆணை வேண்டும். மாமியார், கணவர், தாய் ஆகியோரின் சொல் அதற்கு மாற்றாகாது.

கருக்கலைப்புச் சட்டத்தில் காப்பாளருக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தையும், 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடையாள மறைப்புப் பகுதியையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரசவ வார்டிலும் மாவட்டத்தின் ஒவ்வொரு அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் கிடைக்கச் செய்யுங்கள். காவல் துறையோடு பேசுவதைத் தங்கள் துறையே முன்னெடுக்க வேண்டும். தனியாக ஒரு மருத்துவர் அதைச் செய்ய இயலாது.

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கருத்து வேறுபடும்போது முடிவு சொல்ல, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மூத்த மருத்துவர் ஒருவர், மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர் ஒருவர், சிகிச்சையில் சேராத செவிலியர் ஒருவர் அடங்கிய சிறு குழுவை அமையுங்கள். 48 மணி நேரத்துக்குள் அது முடிவை எழுத்தில் தர வேண்டும். அக்குழுவின் ஒப்புதலோடு செயற்படும் மருத்துவருக்குத் துறை துணை நிற்கும் என்பதையும் ஆணையில் எழுதுங்கள்.

மாநிலத்தின் கைக்குள் இல்லாதவை இரண்டு. 16 வயது நிறைந்தவர் தாமே ஒப்புதல் தரக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும், தாமே மனநலச் சிகிச்சையைத் தொடங்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் திருத்துமாறு மத்திய அரசுக்கு முறைப்படி எழுதுங்கள். அக்கடிதத்தின் நகலைப் பொதுவெளியில் வைக்கவும் கேட்கிறேன்.

இவ்வாணைகளை வரைவதற்குத் தாங்கள் குழு அமைத்தால், அதில் மருத்துவர்களும் அதிகாரிகளும் மட்டும் இருக்க வேண்டாம். நீரிழிவு, தலசீமியா, புற்றுநோய், எச்.ஐ.வி. போன்ற நீண்டகால நோய்களோடு அரசு மருத்துவமனைகளில் வளர்ந்த 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் நால்வரையாவது, அவர்களுடைய விருப்பத்தின் பேரில், பெயர் வெளியிடப்படாமல், வாக்குரிமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இம்மடலுக்குத் தங்கள் துறையின் எழுத்துப்பூர்வமான பதிலை 60 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை எந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்பது அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்